எஸ்தரின் கட்டுரை எஸ்தருடையதுதான்

என் கண்ணான எஸ்தருக்கு,

உன்னிடம் நலம் விசாரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாம் பிளஸ் டூ படித்த அதே பள்ளியில் இப்போது நான் ஆங்கில ஆசிரியை. நமக்கு ஆங்கிலம் எடுத்த சார் வரும் வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். அவரைப் பாராட்டிப் பேச என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். "செல்வி மிஸ் இங்கிலீஷ்ல பேசினா சாருக்குப் பெருமையா இருக்கும்" என்றார் தலைமையாசிரியை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆற்றைப் பற்றி ஒரு கவிதை நமக்குப் பாடமாக இருந்ததே, நினைவிருக்கிறதா? அதைப் பற்றிக் கட்டுரை எழுதி வரச் சொன்னார் சார். வகுப்பே கைடைப் பார்த்து 'ஆறு என்பது மனித வாழ்க்கை' என்று எழுதியது. நானும் அதையேதான் எழுதினேன். நீ மட்டும் மூன்று நாள் மதியச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடினாய். நானும் கூடவே வந்து உட்கார்ந்திருந்தேன்.

"இந்த ஆளு தண்ணியில எறங்கவே இல்லடி. கரையில நின்னுகினே எழுதறாரு. எங்கம்மா ஏரியில எறங்கி துணி தொவச்சவ. அவ எழுதினா இப்டியா இருக்கும்?" என்றாய்.

அதையே ஆங்கிலத்தில் எழுதினாய். அடித்தாய், மறுபடி எழுதினாய். ஒரு வார்த்தைக்கு அகராதி புரட்டித் தந்ததுகூட நான்தான். அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு வரியும் உருவானதைப் பார்த்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

சார் உன் தாளைத் தூக்கிப் பிடித்தார். "இது உன் இங்கிலீஷ் இல்ல. எந்த போன்ல பாத்து எடுத்த?" நீ எழுந்து நின்று, "நானே எழுதினேன் சார். செல்வியைக் கேளுங்க" என்றாய். எவ்வளவு தைரியமாகச் சொன்னாய்! என்மேல் அவ்வளவு நம்பிக்கை உனக்கு.

அவர் என் பக்கம் திரும்பினார். அகமதிப்பீட்டு மதிப்பெண் அவர் கையில் இருந்தது. முதல் ரேங்க் என் கையில் இருந்தது. "தெரியல சார்" என்றேன்.

மறுநாள் உன் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கம்பெனி கேன்டீனில் பாதி ஷிப்டை விட்டுவிட்டு, நீல யூனிபார்மோடு ஓடி வந்தார். காப்பியடித்தேன் என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால்தான் வகுப்பு என்றார் சார். உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் நீ பேனாவை எடுத்தாய். யாரும் சொல்லித் தராமல், அங்கேயே நின்றபடி ஒரு பக்கம் எழுதினாய். அதில் ஒரு பிழைகூட இல்லை. சார் அதைப் படித்தார். அப்போதும் அவருக்குச் சந்தேகம் வரவில்லையே எஸ்தர், அது எப்படி?

அதற்குப் பிறகு நீயும் கைடைத்தான் எழுதினாய். பி.ஏ. ஆங்கிலத்துக்கு நாம் சேர்ந்து வாங்கிய விண்ணப்பத்தை நான் மட்டும் நிரப்பினேன். நீ ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒயர் கட்டும் லைனில் சேர்ந்தாய். ஒருமுறை பஸ் ஸ்டாப்பில் பார்த்தோம். "உனக்குத் தெரியும்தானே?" என்று கேட்டாய். "ம்" என்றேன். "அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறினாய். திட்டியிருக்கக் கூடாதா? அடுத்த மாதமே, ஷிப்ட் முடிந்து ரோட்டைக் கடந்த உன்மேல் கன்டெய்னர் லாரி ஏறியது. சாவு வீட்டுக்கு சாரும் வந்தார். "நல்ல பொண்ணு, ஒரு தப்புதான் பண்ணிச்சு" என்று என்னிடம் சொன்னார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சேரப்பணஞ்சேரியில் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த பைபிளை அலமாரியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு வூட்டுக்கு இட்டாந்து அவள அடிச்சேன். 'நான் திருடலமா, நான் திருடலமா'ன்னு சொல்லிகினே அடி வாங்கினா. புள்ள பொய் சொல்லுதுன்னு இன்னும் ரெண்டு வெச்சேன். இப்ப வந்து சொல்றியே, அன்னிக்கு உன் வாயில இன்னா இருந்துச்சி?"

"பயம்மா."

"எம் பொண்ணுக்கும்தான் பயம் இருந்திச்சி. அவ உன்ன நம்பி உன் பேர சொல்லலியா?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. தண்ணீர்கூடத் தரவில்லை. வாசல்வரை வந்து, "எங்கிட்ட சொல்லிட்டா ஆச்சா? எவன் எம் புள்ளய திருடின்னு சொன்னானோ, அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லு. ஊரே கேக்கட்டும்" என்றார்.

மன்னிப்புக் கேட்டு உனக்கு எழுதவில்லை எஸ்தர். பொய்யாக ஒரு மன்னிப்பை எழுத வேண்டிய நிலைக்கு உன்னைத் தள்ளிவிட்டு, உண்மையான மன்னிப்பை உன்னிடம் எந்த முகத்தோடு கேட்பேன்? என் வேலை போகலாம். சக ஆசிரியர்கள் காறித் துப்பலாம். ஓய்வு பெறும் நாளில் ஒரு பெரியவரை இப்படியா என்று கேட்கத்தான் கேட்பார்கள். கேட்கட்டும்.

வெள்ளிக்கிழமை அந்த மேடையில் சாரின் முகத்தைப் பார்த்து, நீ எழுதியது உன்னுடையது என்றும் நான் சொன்னது பொய் என்றும் சொல்வேன். உன் அம்மாவை முன்வரிசையில் உட்கார வைப்பேன். அவருக்குப் புரிய வேண்டும் என்பதால், தமிழில் சொல்வேன். இது சத்தியம்.

இன்னமும் உன் தோழி என்று சொல்லிக்கொள்ளக் கூசுகிற,
வகுப்பில் உன் பக்கத்து இடத்துக்காரி
செல்வி