கடை மேனேஜர் என்று சொன்னேன்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

உன் மகளின் கல்யாணப் பத்திரிகை நேற்று தூதரகத்துக்கு வந்தது. உறைமேல் 'மேன்மைதங்கிய தூதர் அவர்களுக்கு' என்று உன் கையாலேயே எழுதியிருந்தாய். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. எனக்கு நன்றாக வேண்டும்.

மூன்று மாதமாக, நீ இங்கே வந்திருந்தபோது என் வீட்டில் நடந்த அந்த விருந்துதான் கண்முன்னால் நிற்கிறது. நீ இந்த நாட்டு மந்திரியின் கோட்டுக் கையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "அசல் கம்பளி சார், பத்து வருஷம் உழைக்கும்" என்றாய். துணிக்கடையில் முப்பது வருஷம் நின்றவன் வேறென்ன செய்வான்? எனக்கும் அதே பழக்கம்தான். அதனால்தான் விருந்துகளில் கையைப் பாக்கெட்டை விட்டு எடுப்பதில்லை. மந்திரி சிரித்துக்கொண்டே இவர் யார் என்று கேட்டார். எங்கள் கடை மேனேஜர் என்று சொல்லிவிட்டேன். பாழாய்ப்போன வாய்!

நீ முறைத்திருக்கலாம். "ஆமா சார், சின்ன வயசிலேருந்து முதலாளிகிட்டதான் இருக்கேன்" என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினாய். அதற்கப்புறம் நான் அடித்த கூத்து இருக்கிறதே! சுவரில் மாட்டியிருந்த என் பந்தயக் குதிரையின் படத்தைக் காட்டி, அவள் அம்மா யார், பாட்டி எந்தப் பந்தயத்தில் ஜெயித்தாள், பாட்டியின் அண்ணன் யார் என்று கால் மணி நேரம் ஒப்பித்தேன். குதிரைக்கு உறவுமுறை சொல்ல வந்த வாய்க்கு, கூடப்பிறந்தவனைச் சொல்ல வரவில்லை. நீ ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். விடிந்து பார்த்தால் ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தாய்.

பண்ணையில் அந்தக் குதிரை குட்டி போட்டிருக்கிறது. போய்ப் பார்க்கப் பிடிக்கவில்லை. உன் அண்ணி என்னோடு அளந்துதான் பேசுகிறாள். "தம்பி கடையைத் தலைல தூக்கிக்கிட்டதாலதான் நீங்க இங்க வந்து தூதர்னு நிக்கிறீங்க" என்றாள்.

பத்திரிகையோடு வைத்த சீட்டில், எனக்குப் பெரிய ஓட்டலில் அறை போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். வெளியாளுக்குச் செய்கிற மரியாதை அது. நான்கு நாள் முன்னாலேயே வருகிறேன். பந்தல்காரனோடு சண்டை போட, சமையல்காரனை விரட்ட உனக்கு ஓர் ஆள் வேண்டாமா? நான் வருவது பிடிக்கவில்லையென்றால் அதையும் எழுது, கேட்டுக்கொள்கிறேன்.

நம் குழந்தை நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். அந்த ஓட்டல் அறை வேண்டாம்டா. உன் வீட்டுக் கூடத்தில் எனக்கு ஒரு பாய் போடு.

உன்
அண்ணன்