சாய்ந்த முத்திரை

அன்புள்ள ஹிசாயோ,

இந்தக் குளிர்காலம் கூரைப் பனியை அள்ள ஆள் வைக்காதே. நான் வீட்டில் இருப்பேன்.

எங்கள் வங்கியை அமெரிக்கர்கள் வாங்கியதைப் பேப்பரில் பார்த்திருப்பாய். நேற்று அவர்களுடைய ஆட்குறைப்புப் பட்டியலில், பிரிவுத் தலைவன் என்று நான் என் பெயர் முத்திரையை வைக்க வேண்டியிருந்தது. மேலதிகாரியின் முத்திரையைக் குனிந்து வணங்குவதுபோல நம்முடையது சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். இருபத்தாறு வருடமாகச் செய்வதுபோலவே சாய்த்து வைத்தேன்.

பக்கத்து மேஜை குராமோச்சி எட்டிப் பார்த்தான்.

"யாருக்குய்யா குனியுற? அந்த வெள்ளைக்காரன் பேனாவுல கிறுக்கிட்டுல்ல போயிருக்கான்!"

இருவரும் சிரித்தோம். பட்டியலில் அவன் பெயருக்கு அடுத்தது என் பெயர்.

இந்தக் கடிதத்தின் கீழேயும் கையெழுத்துக்குப் பதில் முத்திரைதான். இதையாவது நேராக வைக்கப் பார்த்தேன். கை கேட்கவில்லை.

உன் வீட்டுக்காரன்