நான் மாற்றிவைத்த திரை

பாஸ்,

இன்று காலை உன் கீபோர்டைத் துடைத்தேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் தைல வாசனை போகவில்லை. வாடிக்கையாளரின் முதுகைப் பிடித்துவிட்டுக் கையைத் துடைக்காமலே வந்து தட்டுவாய். "ஏன் பாஸ், கம்ப்யூட்டருக்கும் இடுப்பு வலியா?" என்று சீண்டுவேன். "அதுக்கு வாய் வலிதான் லா. நாள் முழுக்க எனக்காகப் பேசுது" என்பாய்.

பிரிக்ஃபீல்ட்ஸில் உன் மசாஜ் கடை வாசலில் சாவி வெட்டுகிறவன் நான். உனக்குக் கண் தெரியாது. எனக்குத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, அதோடு சரி. எனக்கு வரும் மலாய்க் கடிதங்களைக்கூட ஸ்கேனரில் வைத்து உன் கம்ப்யூட்டரைத்தான் வாசிக்கச் சொல்வாய். ஆக, நம் இருவருக்கும் எழுத்தை வாசித்துச் சொல்ல அந்த ஒரு குரல்தான்.

தொண்டுக் குழு ஒன்று கொடுத்த பழைய கம்ப்யூட்டர், அதை ஓட்டுவது லினக்ஸ் என்ற காசில்லாத மென்பொருள். உள்ளே நுழையும்போது, திரை எப்படித் தெரியவேண்டும் என்று நாலைந்து முகப்புகளில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். நீ வைத்திருந்தது சாம்பல் நிறத்தில், தகரக் கதவு மாதிரி இருக்கும். ஒருநாள் நீ உள்ளே யாருக்கோ தோள் பிடித்துக்கொண்டிருந்தபோது, சும்மா இருக்காத என் கை வேறொன்றை அமுக்கியது. மலை, ஏரி, கீழே வரிசையாகச் சின்னப் படங்கள். உன் கடைக்கே புதுப் பெயிண்ட் அடித்த மாதிரி இருந்தது.

நீ வந்து உட்கார்ந்து தட்டினாய். சத்தமே இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். கெடுத்துவிட்டோமே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். ஊரையே கிண்டல் பண்ணும் வாய், அன்று மட்டும் திறக்கவில்லை.

நீ கிள்ளானில் இருக்கும் அந்தத் தொண்டுக் குழுப் பெண்ணைப் போனில் பிடித்தாய். மூன்றாம் நாள் அவள் திரும்பக் கூப்பிட்டாள், நீ ஸ்பீக்கரில் போட்டாய். "குரல் செஞ்சவங்ககிட்ட எழுதிக் கேட்டேன் அங்கிள், முகப்பு செஞ்சவங்கள கேளுங்கறாங்க. அவங்க இவங்கள கேளுங்கறாங்க. நீங்க எந்த முகப்பு வச்சிருக்கீங்க?"

நீ சாம்பல் முகப்பின் பெயரைச் சொன்னாய்.

"அதுல பேசணுமே அங்கிள்!"

"ஏம்மா, எல்லாம் ஒரே லினக்ஸ்தானே?"

"பேர்தான் ஒண்ணு. முகப்பு செய்றவங்க ஆளுக்கொரு பக்கம் போறாங்க. குரல் செய்றவங்க ரெண்டு மூணு பேர். ஒவ்வொரு முகப்புக்கும் தனித்தனியா பொருத்தணும், கை பத்தல அங்கிள்."

நான் பக்கத்தில் நின்று யாரும் கேட்காத ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வீடு பூட்டு வேறாக இருந்தால் எனக்குப் பிழைப்பு. இங்கே பூட்டுக்கு வெளியே நிற்பவன் நீ என்பது அன்றுதான் உறைத்தது.

நாலாம் நாள் ஒப்புக்கொண்டேன். நீ திட்டவில்லை. "அழகா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாய். பழைய முகப்புக்கு மாற்றியதும் குரல் வந்தது. முதலில் வாசித்தது ஆஸ்பத்திரி மெயிலை. உன் இருதயப் பரிசோதனையைச் சொன்ன நாளுக்கு முன்பே வைத்திருந்தார்கள். அந்தப் புதுத் தேதி, முந்தின நாளே போய்விட்டது.

அடுத்த தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். ஆறாவது வாரத்தில் நீ போய்விட்டாய். தவறவிட்ட அந்தத் தேதிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இன்றுவரை வரவில்லை, பாஸ்.

கடையை இப்போது அம்பிகா நடத்துகிறாள். உன்னிடம் வேலை பார்த்தவள், அவளுக்கும் கண் தெரியாது. இன்று அந்தக் கிள்ளான் பெண் வேறு கம்ப்யூட்டர் கொண்டுவந்திருந்தாள். கீபோர்டு மட்டும் உன்னுடையதே இருக்கட்டும் என்று அம்பிகா சொல்லிவிட்டாள். உன் சாம்பல் முகப்பு இந்தப் புது லினக்ஸில் இல்லையாம். அதைச் செய்தவர்கள் விட்டுவிட்டார்களாம்.

கிள்ளான் பெண் முதல் முகப்பைத் திறந்து, "அழகா இருக்கில்ல அங்கிள்?" என்றாள்.

"அழகு கிடக்கட்டும்மா. பேசுமா?"

குரல் மெனுவைப் படித்தது. மெயிலைத் திறந்ததும் ஊமையாகிவிட்டது. இரண்டாவது முகப்பில் மெயிலும் பேசியது, ஸ்கேனர் பேசவில்லை. மூன்றாவதைப் போட்டாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு காதை மட்டும் தீட்டிக்கொண்டேன்.

"என்ன அண்ணே, உங்க சத்தத்தையே காணோம்? தூங்கிட்டீங்களா?" என்றாள் அம்பிகா.

"இல்லம்மா," என்றேன். "பார்த்துக்கிட்டு இருக்கேன்."