துவாய் எறியாத ஆள்

1985 நவம்பர் 10, ஞாயிறு

இன்று பகல் ஸெய்னுதீன் நானாவின் மினி சினிமாவில் குத்துச்சண்டைப் படம். ஆங்கிலப் படமென்றால் ரீவிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுத் தமிழில் கதை சொல்வது நான்தான். ரயில் நிலையத்தில் மூட்டை தூக்குகிற ஒருவன் பெரிய வீரனோடு மோதுகிறான். அதிகம் பேசாத ஆள். அவன் ஒரு சொல் சொன்னால் நான் ஐந்து சொன்னேன். துறைமுகத்து வேலையாட்கள் முன்வரிசையில் இருந்து கைதட்டினார்கள்.

பத்தாவது சுற்றில் கரண்ட் போய்விட்டது. இன்னும் இருபது நிமிடப் படம் இருந்தது. ஜெனரேற்றருக்கு எண்ணெய் இல்லை. வாடகைக்கு எடுத்த வீடியோ கொப்பி நாளை விடியக் கொழும்பு பஸ்ஸில் திரும்பிப் போகவேண்டும். சனம் கத்தத் தொடங்கியது.

"கிளாக்கர், முடிவையாவது சொல்லி அனுப்புங்கோ," என்றார் நானா. கந்தோரில் கிளார்க் வேலை பார்ப்பதால் எல்லாருக்கும் நான் கிளாக்கர்.

எனக்கு எங்கே தெரியும்? தெரிந்தவன்போல எழும்பி நின்றேன். கடைசிச் சுற்றில் விழுந்தான், ஒன்பது எண்ணும்போது எழும்பினான், இடது கையால் ஒரே குத்து, வென்றான் என்றேன். விசில் பறந்தது. சந்தோசமாகக் கலைந்து போனார்கள்.

என் தம்பி யோகலிங்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு உப்புவெளிவரை நடந்து வந்தான். துறைமுகத்தில் சாமான் தூக்குகிற விஞ்ச் ஓட்டுகிறவன். ஐந்து வருடம் கழகத்துக்காகக் குத்துச்சண்டை போட்டவன்.

"அண்ணை, அவன் வெண்டிருக்கேலாது. எட்டாம் சுற்றிலயே முழங்கால் போட்டுது. மூலையில நிண்ட கிழவன் துவாயைக் கையில எடுத்தவன், கண்டனீங்களோ?"

"முடிவை நீ கண்டனியோ?"

"இல்லை. நீங்களும் காணேல்லை." சிரித்தான். "நீங்கள் துவாய் எறியாத ஆள்தானே."

அது பழைய பகிடி. தன் ஆளுக்கு இனி ஏலாது என்று கண்டால், மூலையில் நிற்பவன் முகம் துடைக்கிற துவாயை உள்ளே எறியவேண்டும். தோற்றுவிட்டோம், அடியை நிறுத்துங்கள் என்று அர்த்தம். யோகனின் கடைசிப் போட்டியில் மூலையில் துவாயோடு நின்றவன் நான். மூக்கு உடைந்த பிறகும் எறியவில்லை. அடுத்த சுற்றில் வெல்வான், அடுத்த சுற்றில் வெல்வான் என்று நின்றேன். அவன் மூக்கு இன்றைக்கும் கோணல்.

அவன் ஆறடி. சைக்கிள் சீற்றை உச்சிக்கு உயர்த்தி வைத்திருக்கிறான். வழியில் என்னை ஏறிப் பார்க்கச் சொன்னான். பெடலுக்குக் கால் எட்டவில்லை. வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

1985 நவம்பர் 12

கந்தோரில் மூன்று பேர் படத்தின் முடிவைக் கேட்டார்கள். மூன்று பேருக்கும் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

1986 மார்ச் 4

யோகனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

காலையில் வேலைக்குப் போகும்போது சந்தியில் ஆமியின் சுற்றிவளைப்பு. இருபது பேர்வரை லொறியில் ஏற்றினார்களாம். நான் போனபோது வேலியில் சாத்தியபடி அவன் சைக்கிள் மட்டும். சாப்பாட்டுப் பார்சல் இன்னும் சூடாக இருந்தது. உருட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் நின்ற அவன் மனைவி குணேஸ்வரி சைக்கிளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை.

1986 மார்ச் 7

மூன்று முகாமில் கேட்டாயிற்று. மூன்று இடத்திலும் அப்படி ஓர் ஆள் இல்லை என்கிறார்கள். ஆறடி மனிசனை எங்கே ஒளிச்சு வைக்கிறது?

1986 ஏப்ரல் 2

குணேஸ்வரி சாப்பிடுவதில்லை. என் மனைவி பாக்கியம் குழைத்துக் கொடுத்தால் இரண்டு வாய் வாங்கிவிட்டு எழும்பிவிடுகிறாள். இன்று குசினி வாசலில் தலைசுற்றி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தபோது கண் திறந்து என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. வாய் தன்பாட்டில் திறந்தது.

"யோகனைக் கண்டவையாம். தெற்கை ஒரு முகாமில. சுகமா இருக்கிறானாம்."

"ஆர் கண்டது அத்தான்?"

"துறைமுகத்துக்கு வந்த லொறிக்காரர் ஒருத்தர்."

லொறிக்காரருக்கு ஒரு பெயரும் வைத்தேன். யோகன் மெலிந்திருந்தான், தாடி வைத்திருந்தான், கோணல் மூக்கை வைத்துத்தான் அடையாளம் கண்டாராம் என்றேன். மூக்கைச் சொன்னதும் அவள் அழுதாள். பிறகு சோறு கேட்டாள்.

பாக்கியம் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். பொய் என்று சொன்னேன். "இதுக்கு ஒருநாள் நீங்கள்தான் பதில் சொல்லவேணும்," என்றுவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். இன்றைக்குக் குணேஸ்வரி சாப்பிட்டாள். நாளைக்கு நாளை பார்ப்போம்.

1986 ஜூன் 15

கோயிலடியில் காணாமல் போனவர்களின் பெயர் பதிந்தார்கள். குணேஸ்வரி போகவில்லை.

"அவர் காணாமல் போகேல்லையே அத்தான். இருக்கிற இடம் தெரியும்தானே. பெயரைக் குடுத்து ஏன் அவருக்குக் கரைச்சல்?"

இதுதான் சொல்லுகிற நேரம். சொல்லவில்லை. ஓம் என்று தலையாட்டினேன். பட்டியல் யோகனின் பெயர் இல்லாமலே போனது. நான் எல்லாம் ஒரு மனிசனா?

1986 டிசம்பர் 21

ஞாயிறு தோறும் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறாள். கடைக்கு நடந்துதான் போகிறாள். "சீற்றைப் பதிச்சு நீ ஓடன்," என்றேன். "அவர் வந்தாப் பிறகு ஆர் மினக்கெட்டு உயர்த்துறது?" என்றாள்.

1987 ஜூலை 30

இந்தியாவோடு ஒப்பந்தம் எழுதியாயிற்று. உள்ளே இருப்பவர்களை விடப்போகிறார்களாம். குணேஸ்வரி அலுமாரியைத் திறந்து அவன் சேட்டுகளை எல்லாம் வெயிலில் போட்டிருக்கிறாள்.

1987 ஓகஸ்ட் 24

விடுதலையானவர்கள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். ஏழாவது நாளாக அவள் பஸ் நிலையத்தில் நிற்கிறாள், கையில் நீலச் சேட்டு. நானும் நிற்கிறேன். ஒவ்வொரு பஸ்ஸிலும் கடைசி ஆள் இறங்கும்வரை பார்க்கிறாள். எனக்கு அவளைப் பார்க்க ஏலாமல் பஸ் ரயரைப் பார்க்கிறேன். அவன் வரமாட்டான் என்று எனக்கும் தெரியாது. ஆனால் அந்த முகாமிலிருந்து வரமாட்டான் என்று தெரியும். அந்த முகாமில் அவனை வைத்தது நான்.

1987 செப்டெம்பர் 13, ஞாயிறு

நானா அந்தக் குத்துச்சண்டைப் படத்தின் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்துவிட்டார். மண்டபம் நிறைந்த சனம். பாக்கியம் குணேஸ்வரியையும் வற்புறுத்திக் கூட்டி வந்து பெண்கள் பக்கத்தில் இருத்தினாள். பஸ் நிலையத்தில் நிற்பதை விட இது நல்லது என்று நானும் நினைத்தேன்.

படம் பழைய முடிவோடு தொடங்கியது. மூட்டை தூக்குகிறவன் முக்காலியில் இருக்கிறான். மணி அடிக்கிறது. எழும்பப் பார்க்கிறான், கால் வரவில்லை. மூலையில் நின்ற கிழவன் துவாயை உள்ளே எறிகிறான். அவ்வளவுதான். தோற்றுவிட்டான். கிழவன் அதே துவாயை எடுத்து அவன் முகத்தைத் துடைத்து, "வா, வீட்டை போவம்," என்கிறான். நான் வாயைத் திறந்தேன், தமிழ் வரவில்லை.

முன்வரிசையில் ஒருவர், "என்ன கிளாக்கர், வெண்டவன் எண்டியள்!" என்றார். மண்டபமே சிரித்தது. நானாவும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். பெண்கள் பக்கம் திரும்பினேன். ஒரே ஒருத்தி சிரிக்கவில்லை.

மிச்சப் படத்தை எப்படிச் சொல்லி முடித்தேனோ தெரியாது. இரண்டாம் பாகம் பெரிய செலவில் எடுத்த படம். வெளிச்சம், கார், பெரிய மைதானம். முதல் படத்தில் அடி விழுந்தால் எங்களுக்கு வலிக்கும், இதில் அடி விழுந்தால் இசை வருகிறது. ஒரு மனிசன் தாங்கக்கூடிய அடியா அது? ஆனாலும் எழும்புகிறான், வெல்லுகிறான். நான் அன்றைக்குச் சொன்ன அதே முடிவு, இடது கைக் குத்து உட்பட. இவ்வளவு மலிவான முடிவைத்தானா நான் எழும்பி நின்று சொன்னேன்?

இன்னொன்று. இரண்டாம் பாகத்தில் அந்தக் கிழவன் இல்லை. செத்தானா, போனானா, ஒரு சொல் கிடையாது. மூலையில் வேறொருவன் நிற்கிறான். கிழவன் எங்கே என்று படம் முழுக்க ஒருத்தரும் கேட்கவில்லை. துறைமுகத்து ஆட்களுக்கு இதுதான் பிடித்தது, கடைசியில் வென்றானே என்கிறார்கள். எனக்கு முதல் படம்தான் படம். அதன் முடிவை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் குணேஸ்வரி என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்டைக்கு நீங்கள் முடிவைப் பாக்காமலே சொன்னனீங்கள், என்ன?"

"ஓம்."

"அந்த லொறிக்காரரும் அப்பிடித்தானோ அத்தான்?"

ரோட்டில் சனம். நாளைக்குச் சொல்லுகிறேன் என்றேன். அப்படிச் சொன்னதே பதில் என்று அவளுக்கு விளங்கியிருக்கும்.

1987 செப்டெம்பர் 14

சொல்லிவிட்டேன். லொறிக்காரர் இல்லை. முகாம் இல்லை. ஒருத்தரும் காணவில்லை.

அவள் சத்தம் போடவில்லை. "கோயிலடியில பெயர் பதிஞ்சவை. நான் போகேல்லை," என்றாள். திரும்பவும் அதையே சொன்னாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்திருக்கலாம். வாங்கியிருப்பேன்.

1987 நவம்பர் 8

இரண்டு மாதமாக என்னோடு கதை இல்லை. பாக்கியத்தோடு மட்டும்தான். பெயரைத் தானே போய்ப் பதிந்திருக்கிறாள், ஒன்றரை வருடம் பிந்தி. ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார்களாம். என் பெயரை அவள் சொல்லவில்லை என்று பாக்கியம் சொன்னாள்.

கதை சொல்ல வரச்சொல்லி நானா ஆள் அனுப்பினார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

1988 ஜனவரி 17

சாம்பல்தீவிலிருந்து சோமசேகரம் என்றொருவர் கந்தோருக்குத் தேடி வந்தார். அன்றைக்கு யோகனோடு ஒரே லொறியில் ஏற்றப்பட்டவர். இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறார். தேத்தண்ணியை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலே சொன்னார். முதல் நாளிலிருந்தே அடியாம். மூன்றாம் நாள் காலையில் எழும்பச் சொன்னார்களாம். யோகன் எழும்பவில்லையாம். தூக்கிக்கொண்டு போனார்களாம்.

"வீட்டில நீங்களே சொல்லுங்கோ. எனக்கு ஏலாது," என்றார்.

மூன்றாம் நாள் என்றால் மார்ச் ஆறு. நான் லொறிக்காரருக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தபோது அவன் இல்லாமல் போய் ஒரு மாதம். என்ர தம்பி. என்ர யோகன்.

1988 ஜனவரி 18

குணேஸ்வரி முற்றத்தில் நின்றாள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவது என்று போனேன். சோமசேகரம் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். லொறி, முதல் நாள், மூன்றாம் நாள். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"கடைசியா ஏதும் சொன்னவராமோ அத்தான்?"

நாலு மாதத்துக்குப் பிறகு என்னை அத்தான் என்கிறாள். உன்ர பெயரைச் சொன்னவனாம் என்று சொன்னால் போதும். வாய்வரை வந்துவிட்டது. அவளுக்கும் அது வேண்டியிருந்தது. கடவுளே, ஒரு சொல்தானே!

"தெரியாது பிள்ளை. சோமசேகரத்தின்ர காதில ஒண்டும் விழேல்லையாம்."

அப்போதுதான் அவள் அழுதாள். பாக்கியம் ஓடிவந்து பிடித்தாள். நான் கொடியில் கிடந்த துவாயை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

1988 மார்ச் 6

திவசம் முடிந்தது. நீலச் சேட்டைச் சோமசேகரத்துக்குக் கொடுத்தாள்.

1988 ஏப்ரல் 24, ஞாயிறு

பகல் குணேஸ்வரி சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். நாளையிலிருந்து சாம்பல்தீவு நெசவுசாலையில் வேலை. பஸ்ஸை நம்ப ஏலாது.

"சீற்றைப் பதிச்சுத் தாங்கோ அத்தான்."

ஸ்பனரை எடுத்தேன். அவன் இறுக்கிய நட்டு, துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, இரண்டு கையாலும் இழுக்கவேண்டியிருந்தது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் துவாய்க் கிழவனுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று திடீரெனக் கேட்டாள்.

"ரெண்டாம் படத்தில சொல்லேல்லை."

"உங்களுக்கும் தெரியாதோ?"

"தெரியாது."

தலையாட்டினாள். நட்டு இளகியது. சீற்றை அடிவரை இறக்கி இறுக்கிக் கொடுத்தேன். ஏறிப் பார்த்தாள், கால் எட்டியது. ஒழுங்கை முனைவரை சைக்கிளை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள்.