ஐந்து நிமிடம் நாற்பது

ஜூலை 3, வியாழன்

ஆஸ்பத்திரியில் இன்று இரண்டு ஆபரேஷன். கத்தரி, இடுக்கி, பஞ்சு எல்லாவற்றையும் உள்ளே போகுமுன் எண்ணினேன், வெளியே வந்ததும் எண்ணினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. நோயாளியின் வயிற்றுக்குள் எதையும் விட்டுவிடக் கூடாது, அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வீட்டுக்கு வந்தால் மாடிப்படிச் சுவரில் நோட்டீஸ். ஆற்றின் மேலே அணையில் விரிசலாம். சைரன் அடித்தால் உடனே தெருமுனைக்கு வந்துவிட வேண்டும், பஸ் நிற்கும், ஆளுக்கு ஒரு பைதான்.

"வருஷா வருஷம் இதே பாட்டு" என்றார் இவர். அக்கா சக்கர நாற்காலியில் இருந்தபடியே, "புலி வருது புலி வருதுன்னு சொன்ன கதையில கடைசியா புலி வந்துச்சு மாப்ள" என்றாள்.

ஜூலை 5, சனி

காலையிலிருந்து மூட்டை கட்டுகிறோம். ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றியாயிற்று. பாத்திரமும் துணியும் பரணுக்குப் போய்விட்டன. வீட்டுப் பத்திரம், மகளின் சான்றிதழ்கள், மருந்துச் சீட்டு எல்லாம் பிளாஸ்டிக் உறையில். இருபது வருஷத்துக் குடித்தனத்தில் ஒரு பைக்குள் போகவேண்டியது எது? கல்யாண ஆல்பத்தை எடுப்பதும் வைப்பதுமாக ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் பரணில்தான் வைத்தேன்.

இவருக்கு டூல்ஸ் பெட்டியை விட மனசில்லை. மிக்ஸி, ஃபேன் ரிப்பேர்தான் தொழில். "துணி போனா வாங்கிக்கலாம். இது போனா எதை வச்சு வாங்கறது?" என்றார். அதுவும் நியாயம்தான்.

ஜூலை 6, ஞாயிறு

அக்கா ஒத்திகை வைத்தாள். இருபத்தாறு வருஷம் விளையாட்டு டீச்சர். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருஷமாக நாற்காலிதான் என்றாலும் விசிலும் ஸ்டாப் வாட்சும் இன்னும் கழுத்தில் தொங்குகின்றன. வாசலுக்கு நேரே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வேலை பிரித்துக் கொடுத்தாள். இவர் கீழே ஓடி மோட்டாரையும் மெயின் சுவிட்சையும் அணைக்க வேண்டும். மகளுக்குப் பத்திரமும் மருந்தும். எனக்கு கேஸ், ஜன்னல், தண்ணீர் கேன், கடைசியாகக் கதவைப் பூட்டுவது.

"நீ உள்ளே இருக்கும்போது எதுக்குக்கா பூட்டு?"

"அதையும் சேத்துதான் டைம். கை நடுங்கறப்போ சாவித் துவாரமே கண்ணுக்குத் தெரியாது. பழகிக்கோ."

பூட்டுச் சத்தம் கேட்டதும் அவள் வாட்சை நிறுத்துவாள். சாமானைத் தெருவில் வைத்துவிட்டு நானும் இவருமாக மேலே வந்து அவளைத் தூக்கிப் போக வேண்டும், அதுதான் கடைசி வேலை. அதையும் செய்து பார்க்கலாம் என்றேன். இவருக்கு முதுகு வலி. அக்காவும், "சும்மா சும்மா என்னை மூட்டை மாதிரி ஏத்தி இறக்காதீங்க. நிஜமா வர்றப்போ தூக்கிக்கலாம்" என்றாள். விட்டுவிட்டோம்.

பதினோரு நிமிஷம். "ஆமை பாத்தா சிரிக்கும்" என்றாள்.

ஜூலை 9, புதன்

எட்டு நிமிஷம். தண்ணீர் கேனை மறந்துவிட்டுத் திரும்ப ஓடினேன். திட்டு வாங்கினேன்.

ஜூலை 12, சனி

ஆறு நிமிஷம் இருபது. மகளுக்கு ஒரு சபாஷ், எனக்கு அரை சபாஷ். இந்த வயதில் அக்காவிடம் பாராட்டு வாங்கியதில் எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. இப்போதெல்லாம் கை தானாகவே செய்கிறது. கேஸ், ஜன்னல், கேன், பூட்டு. யோசிக்கவே வேண்டியதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சாவி என் கையில் இருக்கிறது.

ஜூலை 16, புதன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

நேற்று மதியம் இரண்டரைக்கு சைரன். நாலு பேரும் வீட்டில்தான் இருந்தோம். இவர் பெட்டியோடு இறங்கி ஓடினார். பின்னாலேயே மகள். நான் கேஸை மூடினேன், ஜன்னலைச் சாத்தினேன், கேனை எடுத்தேன். அக்கா வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டித்தான் போனேன். முழங்கால் கூட அவள் நாற்காலியில் இடித்தது. வெளியே வந்து கதவை இழுத்துப் பூட்டினேன். கை நடுங்கவே இல்லை.

தெருமுனையில் ஒரே கூட்டம். பெண்களும் பிள்ளைகளும் முதல் பஸ்ஸில் என்று ஒருவன் என் முதுகில் கைவைத்து ஏற்றிவிட்டான். பஸ் கிளம்பி பாலத்தைத் தாண்டிய பிறகு மகள் கேட்டாள்: "பெரியம்மா எங்கம்மா?"

அப்பாவோடு அடுத்த பஸ்ஸில் வருவாள் என்று வாய் சொல்லிவிட்டது. கையைப் பார்த்தேன். சாவி.

கத்தினேன். டிரைவர் நிறுத்தினார். பாலத்தில் போலீஸ் விடவில்லை, தண்ணீர் ஏறிவிட்டது என்றார்கள். படகுக்காரர்களிடம் சொல்கிறோம் என்று விலாசத்தை எழுதிக்கொண்டார்கள். முகாமில் இவர் தனியாக வந்து இறங்கினார். "அக்கா உன்கூட இல்லையா?" என்று கேட்டார். நான் யாரையோ வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன் என்று நினைத்தாராம். ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன். கத்தரியைக் கூட ரெண்டு தடவை எண்ணுவேனே. என் அக்காவை உள்ளே வச்சுப் பூட்டிட்டேனே.

இன்று காலை ஏழு மணிக்குத் தகவல் வந்தது. உயிரோடு இருக்கிறாள்.

ஜூலை 19, சனி

அக்கா என் ஆஸ்பத்திரியிலேயே, பெண்கள் வார்டில். கடுமையான காய்ச்சல், நெஞ்சில் சளி. நாற்காலியின் கைப்பிடி வரை தண்ணீராம். ராத்திரி முழுக்க விட்டுவிட்டு விசில் ஊதியிருக்கிறாள். படகுக்காரர்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் வந்து, கடப்பாரையால் பூட்டை உடைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். போர்வையை இழுத்துவிட்டேன். கடைசியில், "கூப்பிட்டிருக்கலாமேக்கா" என்றேன்.

"கூப்பிட்டேன். சைரன்ல உனக்குக் கேக்கல." கொஞ்ச நேரம் இருமினாள். "ரெண்டு பேரும் மேல வருவீங்கன்னு உக்காந்திருந்தேன்."

நான் அழுதேன். அவள் என்னைப் பார்க்காமல் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அஞ்சு நிமிஷம் நாப்பது. இதுதான் இருக்கறதிலயே கம்மி."

அவள் குத்திக்காட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

வீட்டில் மூன்று நாளாகச் சேறு அள்ளுகிறோம். சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் இடுப்புக்கு இருக்கிறது. பரணில் இருந்ததெல்லாம் பத்திரம். கல்யாண ஆல்பத்தில் ஒரு சொட்டு ஈரம் கூட இல்லை. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"நானும்தான மறந்தேன். நீ மட்டும் ஏன் தூக்கிச் சுமக்கற?" என்றார் இவர். பூட்டியது அவர் இல்லையே.

ஆகஸ்ட் 9, சனி

அக்கா வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. குரல் இன்னும் கம்மிப்போய்த்தான் இருக்கிறது. அணையைச் சரி செய்கிறார்கள், ஆனாலும் மறுபடியும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இன்று சாயங்காலம் நானாகவே சொன்னேன், ஒத்திகை பார்க்கலாம் என்று. பிறகு அக்கா கழுத்திலிருந்து வாட்சைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "என்னைத் தூக்கறதா இருந்தா முதல்ல வயிறு நிறையச் சாப்பிடுங்க" என்றாள்.

நாற்காலிக்கு முன்னால் இவர், பின்னால் நான். பதினேழு படி. நடுவில் இரண்டு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். மகள் பத்திரப் பையோடு கூடவே வந்தாள். டூல்ஸ் பெட்டி மேலேயே இருந்தது. கதவும் திறந்துதான் கிடந்தது, புதுப் பூட்டு இன்னும் வாங்கவில்லை.

தெருமுனைக்கு வந்ததும் அக்கா பழக்கத்தில் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு ஆச்சு?" என்றாள். யாருக்கும் தெரியவில்லை.

நான் எண்ணினேன். நாலு பேர். மறுபடியும் எண்ணினேன்.