அழுத்தாமல் விட்ட பொத்தான்

என் அன்பு மச்சான் குமாருக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. உன் நினைவு மலருக்கு எல்லாரும் உன்னைப் பற்றி எழுதினார்கள். "நீ மட்டும் ஏன் ஒரு வரியும் எழுதேல்லை?" என்று எங்கள் பொறுப்பாளர் பவானி அக்கா கேட்டா. எழுதினால் முழுவதையும் எழுத வேண்டும், மச்சான். இன்று எழுதுகிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பொறுத்துக்கொள். கிளிநொச்சியில் எங்களுடையது, நீயும் நானும் சேர்த்து ஆறு பேர் வேலை செய்த மென்பொருள் அலுவலகம். ஒட்டுசுட்டானில் உங்கள் வயல் காட்டை ஒட்டியது என்பதால், யானை எச்சரிக்கைச் சேவையை முதலில் யோசித்தவன் நீ. யானையைக் கண்டவர் ஒரு இலக்கத்துக்குப் போன் அடித்தால் போதும். ஒரு நிமிடத்துக்குள் கிராமத்துப் போன்கள் எல்லாம் அலறும்.

இதற்கு, அழைப்பை வாங்கி எச்சரிக்கை அனுப்பும் இரண்டு சேர்வர்கள் இருந்தன. முன்னால் நின்ற லோட் பலன்சர், வருகிற அழைப்புகளை இரண்டுக்கும் மாறி மாறிப் பிரித்துக் கொடுக்கும். எந்தச் சேர்வருக்குக் கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் விடுவது என்பதை ஒரு இணையப் பக்கத்தில் தான் சொல்லவேண்டும். அதில் 'சேவ்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும், அதில் 'அப்ளை' என்று இன்னொன்று. இரண்டாவதையும் அழுத்தினால்தான் மாற்றம் நடக்கும். இல்லாவிட்டால் அது வெறும் எழுத்து.

அன்று நீ லீவில் வீட்டில் நின்றாய். இரண்டாவது சேர்வரைத் திருத்துவதற்காக அதைப் பட்டியலிலிருந்து எடுத்து, 'சேவ்' கொடுத்துவிட்டு, அதன் மென்பொருளை நிறுத்தினேன். முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்போதுதான் நீ எனக்குப் போன் எடுத்தாய்.

"ரெண்டாவதைக் கழட்டிட்டியா?"

"ஓம் மச்சான்."

"அப்ளை குடுத்தனியா? மஞ்சள் பட்டை போயிட்டுதா?"

"ஓம் ஓம், எல்லாம் குடுத்தாச்சு. பஸ் வெளிக்கிடப் போகுது, வையடா."

நான் திரையைப் பார்க்கவே இல்லை. அப்படிச் சொல்லிவிட்டு ஓடினேன். நாங்கள் கடைசியாகக் கதைத்த கதை அதுதான், ஒரு பொய்.

லோட் பலன்சர் ஒவ்வொரு சேர்வரையும் அடிக்கடி தட்டிப் பார்க்கும். ஆனால் பெட்டி ஓடுகிறதா என்று மட்டுந்தான் பார்க்கும், உள்ளே வேலை நடக்கிறதா என்று பார்க்காது. அதை மாற்ற வேண்டும் என்று நீ இரண்டு தரம் சொல்லியிருந்தாய். அன்று பின்னேரத்திலிருந்து இரண்டு அழைப்பில் ஒன்று, செத்துக் கிடந்த சேர்வருக்குள் போய் விழுந்தது.

மறுநாள் விடியற்காலையில் உன் அப்பா காவல் கொட்டிலிலிருந்து யானையைக் கண்டார். ஒற்றைக் கொம்பன். வயலைக் கடந்து பாதைக்கு ஏறிக்கொண்டிருந்தது. உடனே அடித்தார். மறுமுனையில் லோட் பலன்சர் எடுத்த சத்தம் கேட்டது. செய்தி போய்விட்டது என்று நம்பினார். உன் போன் அடிக்கவில்லை. நீ வேலைக்கு வருவதற்கு மோட்டார் சைக்கிளை எடுத்தாய்.

உன் அப்பா கண்ணால் கண்டார், மச்சான். அது பற்றைக்குள்ளிருந்து வந்து உன்னை மோட்டார் சைக்கிளோடு தூக்கி அடித்தது. நீ எழும்பி நாலடி ஓடினாய். தும்பிக்கையால் காலில் பிடித்து, பாலை மரத்தில் அடித்தது. பிறகு நெஞ்சில் மிதித்தது. அவர் யானை வெடியைக் கொளுத்திக்கொண்டு ஓடி வந்தார். வெடி அவருடைய கையிலேயே வெடித்து இரண்டு விரல் போனது. அவர் நிற்கவில்லை. இரத்தம் ஒழுக ஒழுக அதன் முன்னால் நின்று கத்தினார். அது உன்னை இன்னொரு தரம் மிதித்துவிட்டுத்தான் போனது.

நான் எட்டு மணிக்கு அலுவலகத்துக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மஞ்சள் பட்டை அப்படியே இருந்தது. 'அப்ளை'யை அழுத்தினேன். அழுத்திப் பத்து நிமிடத்தில் பவானி அக்காவின் போன் அடித்தது, உன் சாவுச் செய்தி.

உன் சவப்பெட்டியைத் திறக்கவில்லை. முன்பக்கம் நான்தான் தூக்கினேன். அதற்கு முன்பே லோட் பலன்சரின் அழைப்புப் பதிவுகளைப் பார்த்திருந்தேன். உன் அப்பாவின் இலக்கம், அதற்கு நேரே இரண்டாவது சேர்வர், பதில் இல்லை. இது தெரிந்துகொண்டுதான் தூக்கினேன்.

நாலாம் நாள் ஆரோ அந்தக் கொம்பனை நாட்டுத் துவக்கால் சுட்டார்கள். முன்னங்கால் சிதறி, குளக்கட்டில் விழுந்து, இரண்டு நாள் சாகாமல் கிடந்தது. சனம் சுற்றி நின்று கல்லெறிந்தது. கண்ணில் பட்ட கல்லுக்கு அது முனகியது. நானும் ஒரு கல்லை எடுத்து, என் பலம் முழுவதையும் சேர்த்து எறிந்தேன். அந்தக் கூட்டத்தில் எல்லாரையும் விட நான் ஏன் அவ்வளவு வெறியோடு எறிந்தேன்? நீ பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

எச்சரிக்கை போகாததற்குக் காரணம் 'தொலைபேசிக் கோபுரத்தில் பிழை' என்று எங்கள் அலுவலகத்தில் அறிக்கை எழுதப்படவிருந்தது. பவானி அக்காவிடம் பதிவைக் காட்டினேன். "அறிக்கையை நான் மாத்திறன். அந்த மனுசனிட்ட நீதான் போய்ச் சொல்லோணும்," என்றா.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சனம் கலைந்தபின் சொன்னேன். உன் அப்பா முற்றத்தில் கதிரையில் இருந்தார். நான் முழங்காலில் இருந்து, ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் அடிச்சது போகலயா?" என்று தன் மலைநாட்டுப் பேச்சில் கேட்டார்.

"உங்கட அழைப்பு வந்தது ஐயா. நான் நிப்பாட்டி வச்ச பெட்டிக்குள்ள போயிட்டுது."

"அவன் கேட்டானா ஒன்கிட்ட?"

"கேட்டவன். பாக்காமல் ஓம் எண்டு சொன்னனான்."

அவர் எழும்பிப் போய் மண்வெட்டியோடு வந்தார். பிடியைத் திருப்பி அடித்தார். முதல் அடியில் என் வலது முன்கை முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு தோளில், முதுகில், விலாவில். "எம் புள்ளய கொன்னுட்டு, அவன் பொட்டியத் தூக்குனியேடா! தூக்குனியேடா!" இரண்டு விரல் இல்லாத கையிலிருந்து மண்வெட்டி வழுக்கி வழுக்கி விழுந்தது. திரும்பத் திரும்ப எடுத்தார். உன் தங்கை சாந்தி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறிக்கவில்லை. நான் கையை உயர்த்தவில்லை. என் வாயிலிருந்து இரத்தம் வந்தபோதுதான் அவர் அடிப்பதை விட்டு மண்ணில் குந்தினார்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார்: "இப்ப அது வேல செய்யுதா?"

"ஓம் ஐயா."

"சாந்தி, போன எடு. அந்த நம்பருக்கு அடி."

அவள் அடித்தாள். பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாக எச்சரிக்கை மணி எழும்பியது. ஆள்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். உள்ளே அலுமாரிக்கு மேலிருந்தும் ஒன்று அலறியது. அது உன்னுடையது. சாந்தி அதை ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஒன்னய மன்னிச்சேன்னு நெனச்சிராத," என்றார் என்னிடம். "நெனக்கேல்லை ஐயா," என்றேன். ஆசுபத்திரியில் கேட்டதற்கு, மோட்டார் சைக்கிளில் விழுந்ததாகச் சொன்னேன்.

இப்போது எங்கள் வேலை முறை மாறிவிட்டது, மச்சான். நீ கேட்டபடி, லோட் பலன்சர் உள்ளே வேலை நடக்கிறதா என்றும் பார்க்கிறது. அந்தப் பக்கத்தில் ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் சரிபார்த்துத்தான் 'அப்ளை' கொடுக்கலாம். அதன் பிறகும் நான் கதிரையை விட்டு எழும்புவதில்லை. உன் அப்பாவுக்குப் போன் எடுப்பேன். அவர் சோதனை இலக்கத்துக்கு இரண்டு தரம் அடிப்பார், ஒரு சேர்வருக்கு ஒன்றாக. "ரெண்டும் வந்துச்சு," என்பார். வைத்துவிடுவார். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. போன கிழமை மட்டும், வைக்கும் முன் கேட்டார்: "கை எப்புடியிருக்கு?"

முறிந்த கையை நீட்டி மடக்கிப் பார்த்தேன். அவர் காத்திருந்தார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த வயலில் அவர் இருக்கும் வரைக்கும், கண்ணால் பார்க்காமல் எதற்கும் 'ஓம்' என்று சொல்லமாட்டேன். எவருக்கும்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன,
உன் மச்சான்,
யூட்