மதுரைப் பார்ட்டி

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நேரில் சொன்னால் ஜீப்பைத் துடைக்கிறேன் என்று எழுந்து போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பெரியவள் திங்கட்கிழமை விடுதிக்குப் போகிறாள். அதற்கு முன்னால் கூக்கால் ஏரிக்கும் மன்னவனூர் ஏரிக்கும் போய்வரலாம் என்று நாளைய தேதியைக் குறித்தது நீங்கள்தான். நேற்று ஒரு போன் வந்தது. வைத்த கையோடு, "மதுரை பார்ட்டி ஒண்ணு வருது, நாம அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றீர்கள். இதோடு நான்காவது முறை. சின்னவள் எடுத்து வைத்த துணிகளைப் பையிலிருந்து வெளியே எடுத்தாள்.

எந்த மேட்டில் நின்றால் ஏரி முழுசாகத் தெரியும் என்று டூரிஸ்ட் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டுகிறீர்கள். உங்கள் பிள்ளைகள் அந்த ஏரியைப் போனில்தான் பார்த்திருக்கிறார்கள்.

"வெள்ளனே கிளம்பிருவோம் மேடம். பிள்ளைங்க ஆசை தீர விளையாடட்டும், எனக்கு வேற சோலி இல்ல" என்று அந்த மதுரை அம்மாவிடம் சொன்னீர்களாமே. அவள் என்னோடு படித்தவள். நான் சொல்லித்தான் உங்களுக்குப் போன் செய்தாள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு, அவள் உங்களை வரச் சொன்ன பேருந்து நிலையத்தில் நாங்கள் மூன்று பேரும் நிற்போம். பார்ட்டியைக் காக்க வைக்கிற பழக்கம்தான் உங்களுக்குக் கிடையாதே.

இப்படிக்கு,
உங்கள் நாளைய சவாரி